பாலித்தீன் ஏன் பிரிய மறுக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலிமர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சின்ன மூலக்கூறுகளைக் கோத்துத்தானே பாலிமர் செய்கிறோம்? அதையே திருப்பிச் செய்து மூலப்பொருளை மீட்டுவிட்டால் பிளாஸ்டிக் தொல்லை தீர்ந்ததே! சூடாக்கி உருக்கினால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

உருக்கினால் சங்கிலி அறுவதில்லை. சிக்கிக் கிடந்த இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்குகின்றன, அவ்வளவுதான். ஆறினால் மறுபடி அதே பிளாஸ்டிக். நீங்கள் கேட்பதற்குப் பிணைப்பே அறுந்தாக வேண்டும்.

மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் செய்து பார்த்தது இது. அக்ரிலிக் தகட்டுத் துருவலைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினோம். 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நுரைத்துச் சுருங்கியது. மூக்கைத் துளைக்கும் நெடி. பக்கக் குழாயின் முனையில் தண்ணீர் போன்ற திரவம் சொட்டியது: மெத்தில் மெத்தக்ரிலேட். அக்ரிலிக் எதிலிருந்து பிறந்ததோ அதுவே. அடியில் மிச்சம் என்று சொல்ல ஏதுமில்லை. அடுத்து பாலித்தீன் பை. 400 டிகிரியை நெருங்கும்வரை உருகிக் கிடந்ததே தவிர வேறு அசைவில்லை. கடைசியில் வந்ததும் பாலித்தீனின் மூலப்பொருளான எத்திலீன் அல்ல. குழாய்ச் சுவரில் வெண்மெழுகுப் படலம், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த வாடை.

சாக்குமூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, சரியான முனை அகப்பட்டால் ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் உருவிக்கொண்டு வரும். அக்ரிலிக் அந்த ரகம். ஓரிடத்தில் அறுந்ததும் முனையிலிருந்து மோனோமர்கள், அதாவது சங்கிலியாகக் கோத்த அந்தச் சின்ன மூலக்கூறுகள், ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். பாலித்தீனில் அறுந்த முனை சும்மா இராமல், தன் சங்கிலியிலிருந்தோ பக்கத்துச் சங்கிலியிலிருந்தோ ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. வெட்டு கண்ட இடத்தில் விழுகிறது. நெட்டையும் குட்டையுமாக எத்தனையோ வகைத் துண்டுகள். போதாததற்கு, எத்திலீன் பாலிமராகும்போது வெளிவிட்ட வெப்பமும் அதிகம். பிரிக்கும்போது அந்தக் கடனை அடைத்தாக வேண்டும்.

சூடு ஒன்றுதான் வழி என்றில்லை. தண்ணீரை வெளியேற்றிக் கோத்ததைத் தண்ணீர் சேர்த்தே பிரிக்கலாம். லினன் துணியின் இழையும் சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த பாலிமர்தான். 1819இல் பிரான்ஸின் வேதியியலாளர் பிராகோனோ, லினன் கந்தலைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்தார். பாலிமர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை! தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் இந்தக் கூட்டம்தான். 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த இடியோனெல்லா சகாயென்சிஸ் பாக்டீரியாவின் நொதி, பெட் சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் எஸ்டர் என்ற பிணைப்பை நீரைக் கொண்டு வெட்டுகிறது. ஆனால் மெல்லிய படலம் ஒன்றைத் தின்று முடிக்கவே 30 டிகிரியில் ஆறு வாரம் ஆனது. படிகமாக இறுகிய பாட்டில் அதைவிட முரடு. பாலித்தீனிடம் இந்த வித்தை பலிக்காது. அதன் முதுகெலும்பு முழுக்கக் கார்பனும் கார்பனும். தண்ணீர் நுழைய எஸ்டரே கிடையாது.

பாலித்தீனிலிருந்து எண்ணெய் எடுக்கிறோம் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணெய் மோனோமர் அல்ல. அதைச் சுத்தம் செய்து, நீராவியோடு 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடைத்தால்தான் எத்திலீன் கிடைக்கும், அதுவும் ஒரு பங்குதான்.