லென்ஸ் வைத்த கண்ணில் விழித்திரை ஆபரேஷன்: கேள்வி பதில்

கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தவர்களுக்குப் பின்னாளில் விழித்திரையில் கோளாறு வந்தால், அந்த லென்ஸ் வழியாகப் பார்த்துத்தான் நாங்கள் உள்ளே வேலை செய்தாக வேண்டும். இதைப் பற்றி நம் நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்கு, விழித்திரை ஆபரேஷன் செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வயது 68, சுகர் உண்டு. லென்ஸ் வைத்து ஆறு வருஷம் ஆச்சு. இப்போ நரம்பில் ரத்தம் கசிந்திருக்கு, உள்ளே ஆபரேஷன் செய்யணும்ங்கிறாங்க. வைத்த லென்ஸைக் கழற்றிடுவாங்களா டாக்டர்? (அம்பாசமுத்திரம்)

கழற்ற மாட்டார்கள் அம்மா, பயப்பட வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி என்ற இந்த ஆபரேஷனில் கருவி எதுவும் லென்ஸ் வழியாகப் போவதில்லை. கருவிழியின் ஓரத்திலிருந்து சுமார் மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் அரை மில்லிமீட்டர் அளவில் மூன்று துளை போடுவோம். ஒன்றில் தண்ணீர் போகும், ஒன்றில் விளக்கு, இன்னொன்றில் வெட்டி உறிஞ்சும் கருவி. எங்கள் பார்வை மட்டும்தான் லென்ஸ் வழியாகப் போகிறது.

சுகர் உள்ளவர்களுக்குக் கண்மணி சரியாக விரியாது, அதுதான் கூடுதல் சிரமம். தேவைப்பட்டால் சின்னக் கொக்கிகளால் இழுத்து விரித்துக்கொள்வோம்.

ஆப்டோமெட்ரி படிக்கிறேன் சார். ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பை மட்டும் வைத்து விழித்திரையைப் பார்க்க முடியாதா? (பாளையங்கோட்டை)

முடியாது. கருவிழியும் லென்ஸும் ஒளியை வளைப்பதால் மைக்ராஸ்கோப்பின் ஃபோகஸ் விழித்திரை வரை எட்டாது. அதற்கு இரண்டு வழி உண்டு. கருவிழி மேல் தட்டையான கான்டாக்ட் லென்ஸ் ஒன்றை வைத்து, கருவிழியின் வளைவை ஈடுகட்டலாம். படம் நேராக, பெரிதாக, நல்ல ஆழத்தோடு தெரியும். ஆனால் நடுப்பகுதி மட்டும்தான். இன்னொன்று, கருவிழியைத் தொடாமல் சில மில்லிமீட்டர் மேலே தொங்கும் வைட் ஆங்கிள் லென்ஸ். இதில் 100 டிகிரிக்கு மேல் ஒரே பார்வையில் கிடைக்கும். படம் தலைகீழாக வரும், மைக்ராஸ்கோப்பில் உள்ள இன்வெர்ட்டர் அதை நிமிர்த்திவிடும்.

செயற்கை லென்ஸில் ஒளி நுழையும் வட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர்தான். அதன் விளிம்பைத் தாண்டிப் பார்க்கும்போது படம் இரண்டாகப் பிளக்கும், நெளியும். விழித்திரை விலகிய கண்களில் நாங்கள் தேடுகிற கிழிசல் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். அதனால் கண்ணைச் சாய்த்து, வெளியிலிருந்து விழிச்சுவரை மெல்ல அழுத்தி, ஓரத்தைப் பார்வைக்குள் கொண்டுவருவோம். அடுத்த முறை தியேட்டருக்குள் நிற்க வாய்ப்புக் கிடைத்தால் இந்த இடத்தைக் கவனித்துப் பாரும்மா.

என் மனைவிக்கு 52 வயது, சுகர் வந்து 15 வருஷம். மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்கிறார்கள். பணம் பிரச்சினையில்லை. வைக்கலாமா? (சங்கரன்கோவில்)

வேண்டாம் அண்ணாச்சி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மல்டிஃபோகல் லென்ஸில் நுண்ணிய வளையங்கள் இருக்கும். வருகிற ஒளியைத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று அவை பங்கு போடுகின்றன. நல்ல விழித்திரை அதைச் சமாளித்துக்கொள்ளும். நாளைக்கு சுகரால் விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா வீங்கினால், ஏற்கெனவே பங்கு போட்ட ஒளியில் பார்வை இன்னும் மங்கும்.

எங்கள் பக்கமிருந்தும் பாருங்கள். மேக்குலாவின் மேல் படிந்த சவ்வை உரிக்க வேண்டி வருகிறது என்று வையுங்கள். விழித்திரையின் உள்பக்க மென்சவ்வு இரண்டு மூன்று மைக்ரான் கனம்தான். நீலச் சாயம் போட்டு, ஃபோர்செப்ஸ் நுனியால் அதன் ஓரத்தைக் கிள்ளித் தூக்க வேண்டும். தட்டையான கான்டாக்ட் லென்ஸோடு மல்டிஃபோகல் வழியாகப் பார்க்கும்போது, ஒரு வளையத்தில் நுனி துல்லியமாகத் தெரியும். அடுத்த வளையத்துக்கு நகர்ந்ததும் மங்கிவிடும். நுனி சவ்வைத் தொட்டதா, இன்னும் மேலே நிற்கிறதா என்ற ஆழக்கணக்கு அங்கேதான் தடுமாறும். வைட் ஆங்கிளில் இந்தத் தொல்லை குறைவு. இந்தக் கண்களிலும் ஆபரேஷன் செய்யத்தான் செய்கிறோம். ஆனால் தெரிந்தே அந்தச் சிரமத்தை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

உங்கள் மனைவி வெளியே பார்க்கப்போகும் அதே லென்ஸ் வழியாகத்தான், என்றாவது ஒரு டாக்டர் உள்ளே பார்க்க வேண்டியிருக்கும். சுகர் உள்ளவர்கள், மைனஸ் பவர் அதிகமுள்ளவர்கள், ஒரு கண்ணில் விழித்திரை விலகியவர்கள் எல்லாரும் லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். ஒரே தூரத்துக்கு மட்டும் ஃபோகஸ் ஆகும் நல்ல அக்ரிலிக் மோனோஃபோகல் லென்ஸ் போதும். படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். கண்ணுக்குள் தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்று நிரப்பும்போது, சில கேஸில் டாக்டர் "ஒன்றும் தெரியவில்லை, ஜெல் கொடு" என்பார். என்ன நடக்கிறது சார்? (தென்காசி)

நல்ல கேள்வி தங்கச்சி. லென்ஸின் பின்பக்கம் ஈரம் படிகிறது. லென்ஸைத் தாங்கும் பையின் பின்சவ்வு முழுசாக இருந்தால் இது அநேகமாக வராது. மங்கிய பின்சவ்வைத் திறக்கப் போடும் யாக் லேசராலோ, எங்கள் வெட்டும் கருவியாலோ அதில் திறப்பு விழுந்திருந்தால், காற்று நேரே லென்ஸின் முதுகைத் தொடும். உள்ளே ஈரக்காற்று, லென்ஸோ சற்றுக் குளிர்ந்திருக்கும். மழையில் ஜன்னலை அடைத்த பஸ்ஸின் கண்ணாடி மாதிரி, சில நொடியில் பொடிப்பொடியாக நீர்த்துளி படிந்து விழித்திரை மறைந்துவிடும். சிலிக்கான் லென்ஸில் இது ரொம்பவே தொந்தரவு தரும், மற்ற வகைகளிலும் வரலாம்.

மென்நுனிக் குழாயால் துடைத்தால் கொஞ்ச நேரம் தெளியும், அப்புறம் திரும்ப மூடும். அதனால்தான் ஜெல். லென்ஸின் முதுகில் அதை மெல்லிசாகத் தடவினால், துளிகள் தனித்தனியாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவிவிடும், பார்வை திரும்பும். பின்சவ்வு திறந்த கண் என்று கேஸ் ஷீட்டில் பார்த்தால், ஜெல்லை முன்கூட்டியே டிராலியில் எடுத்து வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கண்ணுக்குள் கருவி இருக்கும், தேடிக்கொண்டிருக்க முடியாது.

லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மூடியிருக்கு. விழித்திரை ஆபரேஷனும் சொல்லியிருக்காங்க. முதலில் யாக் லேசர் செய்துவிடலாமா? (வள்ளியூர்)

அவசரப்பட்டுச் செய்யாதீர்கள் ஐயா. மேலே நர்ஸுக்குச் சொன்ன காரணம்தான். விழித்திரை டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். தேவையென்றால் ஆபரேஷனிலேயே, வேண்டிய அளவுக்கு மட்டும் அவரே திறந்துகொள்வார்.

விழித்திரையைப் பிடித்து வைக்கக் கண்ணுக்குள் கேஸ் (வாயு) வைத்து ஆபரேஷன் செய்த பிறகு, லென்ஸ் நடுவில் பால்போல வெளுத்துவிட்டது என்கிறார்கள். லேசரில் போகுமா? (களக்காடு)

சில வகை ஹைட்ரோஃபிலிக் (நீரை ஈர்க்கும்) அக்ரிலிக் லென்ஸில், காற்றோ கேஸோ பட்ட பிறகு கால்சியம் படிவது உண்டு. அது லென்ஸிலேயே இருப்பதால் லேசரில் போகாது. லேசர் போட்டுப் பின்சவ்வைத் திறந்துவிட்டால், பிறகு லென்ஸை மாற்றுவதுதான் கடினமாகும். பார்வை ரொம்பக் குறைந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

மஞ்சள் நிற லென்ஸ் வைத்தால் உங்களுக்கு உள்ளே தெரியாதா?

தெரியும். பெரிய வித்தியாசமில்லை.

வாப்பாவுக்கு வளைகுடாவில் லென்ஸ் வைத்தது. என்ன லென்ஸ் என்று தெரியாது. இப்போ விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே சிலிக்கான் ஆயில் வைக்கணும்ங்கிறாங்க. (கடையநல்லூர்)

லென்ஸ் பெட்டியிலிருந்து ஒரு ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளிலோ சின்ன அட்டையிலோ ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். மாடல், பவர், சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். பழைய ஃபைலைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அங்கே உள்ள சொந்தக்காரரை விட்டு அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிலிக்கான் லென்ஸாக இருந்தால் ஆயில் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆயிலை எடுத்த பிறகும் துளிகள் லென்ஸில் நிற்கும்: அவர் பார்வையும் மங்கும், எங்களுக்கும் உள்ளே தெரியாது. டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழி யோசிப்பார்.

எங்க ஆச்சிக்கு அந்தக் காலத்தில் லென்ஸே வைக்கவில்லை, சோடாபுட்டிக் கண்ணாடிதான். அவங்களுக்கு விழித்திரை ஆபரேஷன் முடியுமா? (சேரன்மகாதேவி)

தாராளமாக முடியும். லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதல் லென்ஸை வைத்தது 1949-ல். மதுரையில் 1992-ல் ஆரோலேப் தொடங்கிக் குறைந்த விலையில் லென்ஸ் செய்த பிறகுதான் நம் பக்கத்து ஏழைகளுக்கும் அது எட்டியது. ஆச்சி அதற்கு முந்தின தலைமுறை. லென்ஸ் விளிம்பு குறுக்கே வராததால், ஓரம் வரை பார்ப்பது எங்களுக்கு உண்மையில் சுலபம்.

அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து கேஸ் வைத்து அனுப்பியிருக்காங்க. அடுத்த வாரம் குடும்பத்தோடு மாஞ்சோலை போறோம். கூட்டிட்டுப் போகலாமா? (கல்லிடைக்குறிச்சி)

கூடாது. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் விரியும், கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். விமானமும் கூடாது. வைத்த கேஸைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு போகலாம். வேறு எந்த ஆபரேஷனுக்காவது மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும், கண்ணில் கேஸ் இருப்பதை மயக்க டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.