பவளத்தீவுகளில் பாய்மரப் படகுப் பயணம்: எந்த மீனைச் சாப்பிடலாம்?

மயிலாடுதுறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஃபிஜியில் வேலை பார்க்கும் என் நண்பரிடம் சிறிய பாய்மரப் படகு இருக்கிறது. வரும் ஜூன் மாதம் நாங்கள் இருவரும் ஃபிஜியிலிருந்து வனுவாட்டு வரை தீவு தீவாகப் போய்வர இருக்கிறோம். சாப்பாட்டுக்கு வேண்டிய மீனை வழியிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். எனக்கோ வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்த பழக்கம்தான். என்ன தூண்டில் கொண்டுபோவது? பிடித்த மீனையெல்லாம் சாப்பிடலாமா? படகில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது."

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. பிடித்ததையெல்லாம் சாப்பிடக் கூடாது. தீவுகளை விட்டு விலகி ஆழ்கடலில் ஓடும்போது சிக்கும் சூரை, மஹி மஹி போன்றவற்றை நம்பிச் சாப்பிடுங்கள். தீவை நெருங்கிப் பவளப்பாறைக்கு உள்ளே நங்கூரம் போட்டுவிட்டால் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

இது நம் ஊர்க்காரருக்குத் தலைகீழாகத் தோன்றும். நமக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். செவுளைத் தூக்கிப் பார்ப்போம், சிவந்திருக்க வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதையில் பள்ளம் நிற்கக் கூடாது. கொள்ளிடம் முகத்துவாரம் தொடங்கி கோடியக்கரை வரை கரையோரக் கடலடி மணலும் சேறும்தான். அங்கே பிடித்த மீனுக்கு இந்தச் சோதனை போதும். பவளத்தீவு மீனுக்குப் போதாது. துள்ளத் துள்ளப் பிடித்த மீனே அங்கு நஞ்சாக இருக்கக்கூடும்.

அந்த நஞ்சால் வரும் நோயின் பெயர் சிகுவாடெரா. செத்த பவளத்தின்மேல் படரும் பாசியில் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிர் ஒட்டி வாழ்கிறது. பாசியை மேயும் சிறு மீனின் உடலில் அதன் நஞ்சு சேர்கிறது. சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் அது இன்னும் கூடுகிறது. அந்த மீனுக்கு ஒரு கெடுதலும் தெரிவதில்லை. நஞ்சுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் உறைய வைத்தாலும் உப்பிட்டுக் கருவாடாக்கினாலும் போகாது. ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் பல தீவுகளில் சொல்லப்படும் சோதனைகள். ஒன்றையும் நம்பாதீர்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு உதடும் விரல் நுனிகளும் மரத்துக் குறுகுறுக்கும். குளிர்ந்த தண்ணீர்த் தம்ளரைத் தொட்டால் நெருப்பைத் தொட்டதுபோல் எரியும். இந்த அடையாளம் தெரிந்துவிட்டால் வேறு நோயென்று குழம்ப வேண்டாம். முறிமருந்து கிடையாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உடலில் நீர் வற்றாமல் காத்து, ரேடியோவில் மருத்துவ உதவி கேட்க வேண்டும். தொல்லை வாரக்கணக்கில் நீடிக்கலாம். அந்தக் காலத்தில் மீனும் மதுவும் கொட்டை வகைகளும் அதை மறுபடி கிளப்பிவிடும்.

நீங்கள் போகும் கடலிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. 1774இல் கேப்டன் குக்கின் கப்பல் இன்றைய வனுவாட்டுவின் மாலக்குலா தீவை ஒட்டிச் சென்றபோது, அங்கே பிடித்த சிவப்பு மீனைத் தின்ற மாலுமிகள் நோயில் விழுந்தார்கள். அவர்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து, அது சிகுவாடெராவாகவே இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் கருதுகிறார்கள்.

பாறையோரத்தில் வளர்ந்த பெரிய சீலா, களவா, சிவப்புச் சங்கரா இனங்கள், பெரிய பாரை மீன் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அஞ்சாலையை எந்த அளவிலும் தொட வேண்டாம். நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் தேடும் வஞ்சிரம்கூட விலக்கல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையில் பெரிய வஞ்சிரத்தைத் தின்றுதான் பலர் இந்த நோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள். எந்த மீனானாலும் தலை, ஈரல், முட்டை, குடல் ஆகியவற்றில் நஞ்சு கூடுதலாகத் தங்கும். மீன் தலைக் குழம்பு இல்லாமல் நாக்கு தவிக்கும்தான். பவளப்பாறையோர மீனின் தலையை மட்டும் அங்கே ஆசைப்படாதீர்கள். கரையில் உள்ளூர்க்காரர் மீன் கொடுத்தால், எந்தப் பாறையில் பிடித்தது, அவர் வீட்டில் அதைச் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். ஒரு விரிகுடாவில் நல்லதாக இருக்கும் மீன் அடுத்த விரிகுடாவில் நஞ்சாக இருக்கும். அது அங்கேயே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

இனி தூண்டில். ஃபிஜிக்கும் வனுவாட்டுக்கும் இடையே ஏறக்குறைய 500 கடல் மைல், நான்கைந்து நாள் ஓட்டம். ஐந்து, ஆறு நாட் (மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல்) வேகத்தில் பாய்மரம் ஓடும்போதே பின்னால் இழுத்துச் செல்லும் கைத்தூண்டில்தான் உங்களுக்குப் பொருத்தம். தண்டும் சக்கரமும் தேவையில்லை. 90 கிலோ தாங்கும் தடித்த நரம்பு 40 மீட்டர், நுனியில் சுழல் வளையம், அதன்பின் ஒரு மீட்டர் எஃகுக் கம்பி, ரப்பர் கணவாய் போன்ற செயற்கை இரை ஒன்று, அதற்குள் ஒற்றை முள். கம்பி எதற்கென்றால், வாஹூ என்ற கூர்பல் கடல் மீன் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும். மறு நுனியைப் படகில் நேராகக் கட்டாமல் இடையில் சைக்கிள் டியூப் ஒன்றைக் கோத்துக் கட்டுங்கள். மீன் பாய்ந்து இழுக்கும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். டியூப் நீண்டு கிடந்தால் மீன் மாட்டியிருக்கிறது என்று பொருள்.

இரை ஒரு சாண் நீளத்தைத் தாண்ட வேண்டாம். பெரிய இரைக்குப் பெரிய மீன்தான் வரும். குளிர்பெட்டி இல்லாத இருவருக்கு மூன்று கிலோ சூரையே தாராளம். விடியலும் அந்தியும் நல்ல நேரம். பறவைகள் கூட்டமாக நீரில் பாய்ந்தால் அடியில் சூரைக் கூட்டம் இருக்கும், அதன் ஓரமாகப் படகை விடுங்கள். ஆனால் பறவை உங்கள் இரையைக் குறிவைத்தால் உடனே இழுத்துவிடுங்கள். இருட்டிய பின் தூண்டில் தண்ணீரில் இருக்கக் கூடாது. எஞ்சினை முடுக்கும் முன்பும் அப்படியே, நரம்பு விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

மீன் மாட்டியதும் அவசரப்பட வேண்டாம். பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறையுங்கள், மீன் களைக்கட்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு கைமாற்றிக் கைமாற்றி இழுங்கள். நரம்பைக் கையில் ஒரு சுற்றுகூடச் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். அருகே வந்ததும் செவுளுக்குள் கொக்கியைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி, ஈரத்துணியால் கண்ணை மூடுங்கள். துள்ளல் அடங்கும். மயில்கோலாவோ அதைவிடப் பெரியதோ மாட்டினால் நரம்பை அறுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்த சில நிமிடங்கள் மீனைப் பிடித்ததைவிட முக்கியமானவை. சூரையை வெயிலில் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அதன் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடல் அரிக்கும். ஆகவே செவுளை உடனே அறுத்து இரத்தத்தை வடியவிடுங்கள். குடலை எடுத்து, கடல்நீரில் அலசி, நிழலில் ஈரச்சாக்கால் மூடி, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றுங்கள். மிஞ்சும் சதையை விரல் கனத்துக்குக் கீற்றாக அரிந்து, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்து அப்போதே உலர்த்துங்கள். மறுநாள் உப்பிடலாம் என்று வைத்தால் கருவாட்டிலும் ஹிஸ்டமின் தங்கிவிடும். ஒவ்வாமை மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருப்பதுபோல, ஃபிஜியில் ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய களவா இனங்களைப் பிடிக்கத் தடை. நீங்கள் போகும் பருவம் அதுவே. தீவுகளின் கரையோரக் கடல் அந்தந்தக் கிராமத்தாரின் மரபுரிமை. ஃபிஜி கிராமம் எதிலும் நங்கூரம் போட்டதும், முதலில் ஊர்த்தலைவரைக் கண்டு யாங்கோனா (கவா எனும் செடி) வேர்க்கட்டு ஒன்றை வைத்து அனுமதி கேளுங்கள். அதை அங்கே செவுசெவு என்பார்கள். வேரைப் பெரிய ஊர்ச் சந்தையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். வனுவாட்டுவில் கரையோரத்தில் நமெலே என்ற ஓலை நட்டிருந்தால் அந்தப் பாறையை ஊர் மூடியிருக்கிறது என்று பொருள். அங்கே சிப்பிகூட எடுக்கக் கூடாது.