கேளுங்க, டாக்டர் சொல்றார்: வளர்த்த நாய்க்கு கடைசி ஊசி போடலாமா?

கேள்வி: டாக்டர் சார், எங்க ராஜபாளையம் நாய்க்கு வயசு 13 ஆகுது. பின்னங்கால் ரெண்டும் விழுந்துருச்சு, வயித்துக் கட்டி உடைஞ்சு புழு வச்சு ராத்திரி பூரா மொனகிக்கிட்டே கெடக்கு. இனிமே தேறாதுன்னு இங்க பார்த்த டாக்டரும் சொல்லிட்டாரு. எங்க மாமா கம்பவுண்டரக் கூப்பிட்டு ஏதாச்சும் ஊசியப் போட்டு முடிச்சு விடுங்கிறாரு, பக்கத்து வீட்டு அக்கா கண்மாய்க்கரையில விட்டுட்டு வந்துருங்கிறாங்க, இன்னொருத்தர் கோர்ட்டு பெர்மிஷன் வேணும்னு பயமுறுத்துறாரு. என்ன செய்ய?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்தக் கோர்ட்டு பயத்த விடுங்க. 1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல 13-வது பிரிவுல மாஜிஸ்திரேட் வர்றாரு, ஆனா அது அடிபட்டுக் கெடக்குற மிருகத்துக்கு ஓனர் இல்லாதப்ப, இல்ல ஓனர் சம்மதிக்காதப்ப போலீஸ் செய்யுற வேலைக்கு. உங்க நாய், உங்க சம்மதம், கூட டாக்டர் முடிவுன்னா அங்க போக வேண்டியதில்ல.

கண்மாய்க்கரை யோசனைய மட்டும் மறந்துருங்க. பசியிலயும் தாகத்துலயும் கெடந்து வதைபடட்டும்னு விட்டுட்டு வர்றது அதே சட்டத்துல 11-வது பிரிவுப்படி குத்தம். (அதுக்கு மொத தடவை அபராதம் 10 ரூபாயிலருந்து 50 ரூபா வரைக்கும்தான், ரெண்டு பேரு டீ வடை சாப்பிட்டா ஆகுற காசு, அதச் சொன்னா எனக்கே வெக்கமா இருக்கு.)

இப்ப உங்க மாமா சொன்னதுக்கு வர்றேன். எப்படி உயிர் போகுதுங்கிறதுலதான் சட்டமும் கண்ணா இருக்கு. எட்டிக்கொட்டையில இருக்குற ஸ்ட்ரிக்னைன் விஷத்த நெஞ்சுல ஊசியாப் போடக்கூடாதுன்னு பேரச் சொல்லியே தடுத்துருக்கு, ஏன்னா நாய்க்கு நினைவு இருக்கும்போதே உடம்பு வில்லா வளைஞ்சு வெட்டி இழுத்து மூச்சு முட்டிச் சாகும். வேற எந்தக் கொடூர வழியும் கூடாதுன்னும் இருக்கு. மயக்கம் கொடுக்காம, நெஞ்சுத் துடிப்ப நிறுத்துற பொட்டாசியம் குளோரைடு மட்டும் ஏத்துறதும், தசைய அசைய விடாம முடக்குற ஊசிய மட்டும் போடுறதும் அந்த ரகம்தான். முடக்குற ஊசி போட்டா வெளிய பார்க்க அமைதியாத் தெரியும், உள்ள அது முழிச்சுக்கிட்டு இருக்கும். அதனால பதிவு பெற்ற கால்நடை டாக்டர்தான் செய்யணும், கம்பவுண்டர் வேண்டாம்.

டாக்டர்கிட்ட கேளுங்க: மொதல்ல அமைதிப்படுத்துற ஊசி போடுவீங்களா, அப்புறம் பென்டோபார்பிட்டல் மாதிரி ஆழ்ந்த மயக்க மருந்த நரம்புல ஏத்துவீங்களா? மருந்து ஏறினதும் சில நொடியில நினைவு போயிரும். கண்ணு மூடாது, ஒண்ணு ரெண்டு தடவ மூச்ச இழுத்த மாதிரி வரும், ஒண்ணுக்குப் போகலாம், அது வலியில்ல, பயந்துறாதீங்க. ஸ்டெத்தாஸ்கோப் வச்சு நெஞ்சு நின்னுருச்சான்னு உறுதி பண்ணச் சொல்லுங்க. வீட்டுல இன்னொரு நாய் இருந்தா அந்த நேரம் வேற ரூம்ல கட்டிருங்க. தெருநாய்க்கு 2001-லயே போட்ட விதியில, இன்னொரு நாய் முன்னாடி செய்யக்கூடாதுன்னு இருந்துச்சு, வீட்டு நாய்க்கும் அது நல்லதுதானே.

அப்புறம் ஒண்ணு, ரொம்பப் பேரு கவனிக்கிறதில்ல. அந்த மருந்து உடம்புலயே தங்கிரும். குப்பையிலயோ கரையிலயோ போட்டா அதத் தின்ன நாயும் கழுகும் சேர்ந்து சாகும். அதனால தோட்டத்துல ஆழமாத் தோண்டி, கிணத்துக்குத் தள்ளிப் புதைங்க.