சைக்காலஜி டிகிரியும் 64 சதவீதமும் வைத்து அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி மாஸ்டர்ஸ் கிடைக்குமா?

கேள்வி: ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் 3 வருட பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தேன், மொத்தம் 64%. காம்ப்ளிமென்டரியாக ஹ்யூமன் ஃபிசியாலஜியும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் இருந்தன, இரண்டிலும் மார்க் சுமார்தான். ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை சேர எனக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?

பதில்:

ஒரு வழியை முதலிலேயே அடைத்துவிடலாம். இந்தியாவில் எம்.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி முதுகலை) சேர பி.ஓ.டி. (அதே துறையின் இளங்கலை) முடித்திருக்க வேண்டும். சைக்காலஜி டிகிரியோடு அந்த வாசலில் நிற்பதில் பயனில்லை. பிளஸ் டூவில் பயாலஜி இருந்தால் கோவையிலோ வேலூரிலோ இரிஞ்ஞாலக்குடா பக்கமோ பி.ஓ.டி.யை முதல் வருடத்திலிருந்து படிக்கலாம். அமெரிக்காவில் கதை வேறு. எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கியவரும், அவர்கள் கேட்கும் முன்தேவைப் பாடங்களை முடித்திருந்தால், என்ட்ரி லெவல் மாஸ்டர்ஸுக்கோ ஓ.டி.டி. என்ற டாக்டரேட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். சைக்காலஜியிலிருந்து போகிறவர்கள் அங்கே ஏராளம்.

'என்ட்ரி லெவல்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 'போஸ்ட் புரொஃபஷனல்' என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கான படிப்பு. 'ரிஹாபிலிடேஷன் சயின்ஸ்' என்ற பெயரில் வரும் மாஸ்டர்ஸும் உங்களைத் தெரபிஸ்ட் ஆக்காது. இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏ.சி.ஓ.டி.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற என்ட்ரி லெவல் படிப்பையும், அதற்குள் வரும் குறைந்தது 24 வார லெவல் டூ ஃபீல்டுவொர்க் என்ற நேரடிப் பயிற்சியையும் முடித்தால்தான் தெரபிஸ்ட் ஆவதற்கான என்.பி.சி.ஓ.டி. தேர்வு எழுத முடியும். கன்சல்டன்சிக்காரர்கள் 'உறுதியான சீட்' என்று காட்டுவது பல நேரம் அந்த மற்ற வகைதான்.

இனி வாய்ப்புக் கணக்கு. 64 என்ற எண்ணை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் கட்டம் போடுங்கள். விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் (அங்கே கல்லூரியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) ஒரு நெடுவரிசை. குறுக்கு வரிசைகளில் அனாடமி - ஃபிசியாலஜி ஒன்று, இரண்டு (லேபோடு), ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டெவலப்மென்டல் சைக்காலஜி, அப்நார்மல் சைக்காலஜி, சோஷியாலஜி அல்லது ஆந்த்ரபாலஜி. சில பள்ளிகள் மெடிக்கல் டெர்மினாலஜியோ ஃபிசிக்ஸோ சேர்க்கும். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பாடத்தின் பெயர், கிரெடிட், கிரேடு, படித்த வருடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். வருடத்தை விட்டுவிடாதீர்கள். சயின்ஸ் பாடங்கள் 5, 7 அல்லது 10 வருடத்துக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கொரு கெடு உண்டு.

கட்டம் போட்டதுமே ஓட்டை தெரியும். சைக்கோபேத்தாலஜி என்ற பெயரில் படித்தது அப்நார்மல் சைக்காலஜியாகப் பெரும்பாலும் எடுபடும். டெவலப்மென்டல் பாடம் குழந்தைப் பருவத்தோடு நின்றிருந்தால் எடுபடாது, முதுமைவரை போயிருக்க வேண்டும். ஹ்யூமன் ஃபிசியாலஜிதான் உங்களுக்குச் சிக்கல். அவர்கள் கேட்பது அனாடமியும் சேர்ந்த, லேப் உள்ள, இரண்டு செமஸ்டர் தொடர். சைக்காலஜிக்குத் துணையாகப் படித்த ஃபிசியாலஜியை அதற்கு ஈடாக ஏற்கும் பள்ளி அரிது. சிலபஸை பி.டி.எஃப். ஆக இணைத்து, 'இந்தப் பாடம் உங்கள் முன்தேவையை நிறைவேற்றுமா' என்று அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளியே ஆன்லைனில் அனாடமி - ஃபிசியாலஜி படிக்கப்போகிறீர்கள் என்றால், ஆன்லைன் லேப் செல்லுமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது ஜி.பி.ஏ., அதாவது நாலுக்குக் கணக்கிடும் சராசரி கிரேடு (ஏ என்றால் 4 புள்ளி, பி 3, சி 2). 64-ஐ நாலால் பெருக்கி நூறால் வகுத்து 2.56 என்று பயந்துகொள்ள வேண்டாம். வெளிநாட்டு டிகிரியை அமெரிக்க அளவில் எடைபோட்டுச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனங்கள் அப்படிக் கணக்கிடுவதில்லை. இந்தியாவின் முதல் வகுப்பு மார்க்கை அமெரிக்க அளவுக்குத் தாராளமாகவே மாற்றுகின்றன. பாடவாரி மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் உங்கள் உண்மையான எண் தெரியும். பல பள்ளிகள் குறைந்தபட்சமாகக் கேட்பது 3.0. அது வாசற்படி மட்டுமே, சேர்கிறவர்கள் 3.5-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம்.

மொத்த ஜி.பி.ஏ.வை நகர்த்துவது சக்கை போட்ட வண்டியைத் தள்ளுவது மாதிரி. 120 கிரெடிட்டில் 2.9 இருக்கிறது என்று வையுங்கள். இன்னும் 12 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் 3.0 தான் வரும். முன்தேவைப் பாடங்களின் ஜி.பி.ஏ. அப்படியில்லை. உதாரணமாக அனாடமி - ஃபிசியாலஜி ஒன்றில் பி, இரண்டில் சி (தலா 4 கிரெடிட்). ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சி, டெவலப்மென்டல் ஏ, அப்நார்மல் ஏ, சோஷியாலஜி பி (தலா 3). மொத்தம் 20 கிரெடிட்டுக்கு 59 புள்ளி, அதாவது 2.95. அந்த இரண்டு சி-யையும் மறுபடி படித்து ஏ ஆக்கினால் 73 புள்ளி, 3.65. ஆனால் இது பழைய கிரேடை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் எடுக்கும் பள்ளியில். இரண்டையும் கணக்கில் சேர்த்தால் 27 கிரெடிட்டுக்கு 87 புள்ளி, 3.22 தான். ஓ.டி.கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் எல்லா முயற்சிகளையும் சேர்த்துத்தான் கணக்கிடும். பள்ளி தனியாக எப்படிப் பார்க்கிறது என்பது அதன் பக்கத்தில் இருக்கும். மறுபடி படிப்பதில் லாபம் எவ்வளவு என்பது இந்த ஒரு விதியில் தொங்குகிறது.

மூன்று வருட டிகிரி இன்னொரு முள். சில பள்ளிகள் நாலு வருடத்துக்குக் குறைந்ததைத் தொடவே மாட்டா. சில, மதிப்பீட்டு நிறுவனம் 'அமெரிக்க பேச்சலருக்குச் சமம்' என்று எழுதினால் ஏற்கும். எழுதுவதற்கு நீங்கள் தேறியது முதல் வகுப்பா என்பதையும், கல்வி நிறுவனங்களைத் தரம்பிரிக்கும் நாக் அமைப்பு தந்த தரத்தையும் பார்ப்பார்கள். முடியாதபோது 2 வருட எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டுப் போவது சுற்றுவழிதான், ஆனாலும் பலருக்கு அது உதவியிருக்கிறது.

பேப்பர் வேலையில் கேரளக்காரர்கள் தடுக்கி விழும் இடம்: டிகிரி சர்டிஃபிகேட் தானாக வீட்டுக்கு வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ப்ரொவிஷனலோடு வருடக்கணக்கில் இருந்துவிட்டுக் கடைசி மாதத்தில் தேஞ்ஞிப்பாலத்தில் உள்ள பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகமான பரீட்சா பவனுக்கு ஓடுவது வீண் அலைச்சல். டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும், நீங்கள் கவரைப் பிரித்தால் செல்லாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் பாஸ்போர்ட்டிலும் இனிஷியல் மாறியிருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

தெரபிஸ்ட் வேலை செய்வதை அருகிருந்து பார்க்கும் அப்சர்வேஷன் மணிநேரத்தைப் பல பள்ளிகள் 20 முதல் 100 வரை கேட்கும்; 40 என்று வைத்து, குழந்தைகள் ஓரிடம், பெரியவர்கள் ஓரிடம் என இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். கையெழுத்து ஆக்குபேஷனல் தெரபிஸ்டுடையதாக இருக்க வேண்டும். நம் பக்கம் எல்லாமே 'தெரபி'தான் என்பதால் பிசியோதெரபிஸ்டிடம் 60 மணிநேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அது கணக்கில் வராது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பட்ஸ் பள்ளியில் தொண்டு செய்தது நல்லதுதான், ஆனால் அங்கே தெரபிஸ்ட் இல்லாத நாட்களை இதில் சேர்க்க முடியாது. பாலக்காட்டில் ஆள் கிடைக்காவிட்டால் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போங்கள். தேதி, நேரம், இடம், கையெழுத்து என்று அன்றன்றே நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அங்கே வெறுமனே உட்காராதீர்கள். பக்கவாதம் வந்த பெரியவருக்குச் சட்டை போடச் சொல்லித்தருவதைக் கவனியுங்கள்: செயலிழந்த கை முதலில் உள்ளே போகும், கழற்றும்போது அது கடைசியில் வெளியே வரும். வலது கை போனவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட என்ன செய்கிறார், ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியாதவருக்கு என்ன மாற்று தருகிறார்கள் என்று பாருங்கள். விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதும் ஸ்டேட்மென்டில் 'மக்களுக்கு உதவ விரும்புகிறேன்' என்ற வரியை நூறு பேர் எழுதியிருப்பார்கள். பிசியோதெரபி ஏன் வேண்டாம், இது ஏன் வேண்டும் என்பதற்கு அந்த வேட்டி பதில் சொல்லும்.

சிபாரிசுக் கடிதத்தை நீங்கள் அப்லோட் செய்ய முடியாது. ஆசிரியருக்கு லிங்க் போகும், அவர்தான் ஏற்ற வேண்டும். கல்லூரி மெயில் ஐடி இருந்தால் அதையே கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் கட்டாயம் தெரபிஸ்டாக இருக்கட்டும்.

இன்றைய நிலையில் விண்ணப்பித்தால், அனாடமி இல்லாத காரணத்தால் பெரும்பாலான இடங்களில் முதல் சல்லடையிலேயே நிற்பீர்கள் என்பது என் கணிப்பு. அனாடமி - ஃபிசியாலஜி இரண்டிலும் பி-க்கு மேல், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மறுபடி, மதிப்பீட்டில் டிகிரி சமம் என்ற வரி, 40 மணிநேரம் ஆகியவை கைக்கு வந்தால் 8 பள்ளிகளுக்குப் போடுவது நியாயம். அந்த எட்டிலும் 3 வருட டிகிரியை ஏற்போம் என்று எழுத்தில் சொன்னவை மட்டும் இருக்கட்டும்.

விண்ணப்பம் ஜூலை நடுவில் திறக்கும். பல பள்ளிகள் வரவரப் பார்த்து சீட்டை நிரப்பிக்கொண்டே போகும், அதனால் கடைசித் தேதியை நம்பாதீர்கள். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஜனவரியிலேயே எழுதிப்போடுங்கள்.