"என்னைத் தெரியுதா டீச்சர்?" என்று கேட்கலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். 2000-ல் நான் பத்தாவது முடித்ததும் என்னைப் பஞ்சாலைக்கு அனுப்புவதென்று அப்பா முடிவு செய்துவிட்டார். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் வரும் என்று புரோக்கர்கள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் அறிவியல் டீச்சர் வீட்டுக்கே வந்து பேசினார். அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். ப்ளஸ் ஒன் விண்ணப்பம், அரசு மாணவியர் விடுதி மனு இரண்டையும் அவரே நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார். பிறகு டி.ஃபார்ம். படித்தேன், வேலைக்கு வந்தேன்.

ஒருமுறைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை. வேலை கிடைக்கட்டும் என்றிருந்தேன். பிறகு கல்யாணம், குழந்தைகள். நாளாக ஆக, இனி எந்த முகத்தோடு போவது என்றாகிவிட்டது. இப்போது டீச்சருக்கு அல்சைமர், திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. மகனிடம் பேசினேன். "தாராளமா வாங்க, ஆனா அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது" என்றார். கூடப் படித்தவர்கள் வேன் பிடித்துப் போய்ப் பொன்னாடை போர்த்தலாம் என்கிறார்கள். என் பங்குக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். கடிதம் எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. அவருக்கே நினைவில்லாதபோது நன்றி சொல்லி என்ன ஆகப்போகிறது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

போங்கள். தனியாகப் போங்கள், சீக்கிரம் போங்கள்.

இத்தனை வருஷம் உங்களைத் தடுத்தது நன்றி கெட்டதனம் அல்ல. டீச்சர் செய்ததை நீங்கள் ஒரு கடனாக எழுதி வைத்துக்கொண்டீர்கள். கடன்காரர் வீட்டுத் தெருவைச் சுற்றிப் போகிறவரைப் போல, வட்டி ஏற ஏற விலகி நடந்தீர்கள். ஒரு லட்சம் என்ற யோசனையும் அந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். டீச்சர் தரப்பில் அப்படியொரு கணக்கு இருந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. 2018-ல் அமெரிக்காவில் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகையாகப் பயந்திருந்தார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். சொல் சரியாக அமையுமா என்று எழுதியவர் கவலைப்பட, படித்தவரோ அதிலிருந்த அன்பைத்தான் பார்த்தார்.

"நினைவில்லாதவரிடம் சொல்லி என்ன பயன்" என்பதற்கு வருகிறேன். அல்சைமரில் முதலில் நழுவுவது அண்மை நினைவு. காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும். முப்பது வருஷம் பாடம் நடத்திய பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. 2014-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குப் படக்காட்சிகளைக் காட்டிச் சோதித்தார்கள். பார்த்த காட்சி மறந்த பிறகும் அது தந்த மகிழ்ச்சியோ வருத்தமோ அவர்களிடம் நீடித்தது. நீங்கள் வந்துபோனது டீச்சருக்கு மறந்துவிடலாம். அதனால் அந்த முற்பகல் அவருக்கு நன்றாகக் கழிந்தது என்பது பொய்யாகிவிடாது.

இனி கடிதம். ஏறக்குறைய 300 சொற்கள் போதும். பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு எழுதுங்கள். அழுகை வருவதற்கு ஒரு காரணம், மொத்த வாழ்க்கைக்கும் சேர்த்து எழுத முயல்வது. அதை விட்டுவிட்டு அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் எழுதுங்கள். டீச்சர் என்ன செய்தார்? அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார்? விடுமுறை நாளை விட்டு வந்தார், உட்காரச் சொல்லாத வீட்டில் நின்று பேசினார். இன்று உங்கள் கையால் எத்தனை பேருக்கு மருந்து போகிறது என்பதையும் சொல்லுங்கள். தெய்வம், ஏணி, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம்; அவை எந்த ஆசிரியருக்கும் பொருந்தும் என்பதால் இவருக்குப் பொருந்தாது. "நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை" என்பதையும் தவிருங்கள். விடுதியில் தங்கிப் படித்துத் தேறியது நீங்கள்; ஆசிரியர் கேட்க விரும்புவது அதைத்தான்.

மன்னிப்புக்கு ஒரே வரி: "முன்னாடியே வந்திருக்கணும் டீச்சர்." அதற்கு மேல் நீண்டால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

கடிதத்துக்கு இன்னொரு பிரதி எடுத்து மகனிடம் கொடுங்கள். ஒரே கேள்வியை நாளெல்லாம் திரும்பக் கேட்கும் அம்மாவைத்தான் அவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். வேடசந்தூர்த் திண்ணையில் நின்ற அம்மாவை அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

சந்திப்புக்குக் காலை 10 மணி வாக்கில் நேரம் கேளுங்கள். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு மாலை நெருங்கும்போது குழப்பமும் பதற்றமும் கூடும். அரை மணி நேரம் போதும். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியும் காது கருவியும் இருந்தால் அவர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, அவருக்கு எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள்.

நம் ஊரில் வயதானவர்களைப் பார்த்ததும் முதலில் கேட்பது "என்னைத் தெரியுதா?" என்பதுதான். அன்பாகக் கேட்டாலும் அவருக்கு அது ஒரு பரீட்சை. தெரியவில்லை என்றால் தோற்றுவிட்ட உணர்வு வரும். முகம் சுருங்கும், எரிச்சலும் வரலாம். நீங்களே சொல்லிவிடுங்கள்: "டீச்சர், நான் வேடசந்தூர்ப் பொண்ணு. உங்ககிட்ட பத்தாவது படிச்சேன்." வேறொரு மாணவியின் பெயரைச் சொல்லி அழைத்தால் திருத்தாதீர்கள். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று நாலாவது தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்டதுபோலவே பதில் சொல்லுங்கள். இறந்துபோன ஒருவரை விசாரித்தால் சாவுச் செய்தியைச் சொல்ல வேண்டாம். சில சமயம் அதை அப்போதுதான் கேட்பதுபோல் உடைந்துபோவார்கள். "ஹெச்.எம். சாரைப் பத்தி நீங்க சொல்லுங்க டீச்சர்" என்று பேச்சை அவரிடமே கொடுங்கள்.

கடிதத்தை நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். இடையில் அவர் கவனம் ஜன்னல் பக்கம் போனால் அங்கேயே நிறுத்திவிடலாம். வகுப்புப் புகைப்படம் இருந்தால் பெரிதாகப் பிரதி எடுத்துப் போங்கள். அறிவியல் டீச்சர் என்பதால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்..." என்று வகுப்பில் ஒப்பித்த ராகத்திலேயே நீங்கள் ஆரம்பியுங்கள். அவர் தொடர்ந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் காத்திருக்காமல் நீங்களே முடித்துவிடுங்கள். அதையும் ஒரு கேள்வியாக்கிவிடக் கூடாது.

வேன், பொன்னாடை, ஃபிளெக்ஸ் வேண்டாம். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினால் அவருக்கு எதுவும் பிடிபடாது, பயம்தான் மிஞ்சும். மற்றவர்கள் ஒருவராகவோ இருவராகவோ, வேறு வேறு வாரங்களில் போகட்டும். நோயில் இருப்பவரின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது என்பதையும் குழுவில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவரால் இப்போது சம்மதம் சொல்ல முடியாது.

பணக் கவரை டீச்சர் கையில் கொடுக்காதீர்கள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பழமோ ஒரு முழம் மல்லிகையோ வாங்கிப் போங்கள். அந்த ஒரு லட்சத்தைப் பிறகு யோசிக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பத்தாவதோடு நிற்கும் பெண் அதுவரை வந்து சேருவதேயில்லை. உங்கள் பழைய பள்ளியில் கேட்டால் அப்படி நிற்கப்போகும் பெண் யாரென்று சொல்வார்கள். பணத்தோடு நீங்களும் ஒரு ஞாயிறு அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

நன்றிச் சந்திப்பு பற்றி அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம் வரை கூடுதலாக இருந்தது. மூன்று மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதனால் ஒரு தடவை போய்வந்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் அழுகை வரலாம், வரட்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, குற்ற உணர்வு வேலையையும் பாதித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

முதலில் மகனுக்குப் போன் போட்டு நாள் குறியுங்கள். அன்று காலை பஸ் ஏறுமுன் இன்னொரு தடவை கூப்பிட்டு டீச்சர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். இரவெல்லாம் தூங்கவில்லை, கோபமாக இருக்கிறார் என்றால் அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்துக்கு அல்ல.