முழுநேர ஊழியத்துக்குப் போகாத கிறிஸ்தவன் தேவனுக்குக் குறைவாகக் கொடுக்கிறானா?

"வேலை, குடும்பம் என்று இருக்கிறேன், மிஷனரியாகப் போக அழைப்பு வரவில்லை, நான் இரண்டாம் தரக் கிறிஸ்தவனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு கூட்டம் முடிந்து வந்த இரவில்தான் இதை எழுதியிருப்பீர்கள். "யார் போவார்?" என்று மேடையிலிருந்து கேட்டிருப்பார்கள். பக்கத்தில் நாலு பேர் எழுந்திருப்பார்கள். நீங்கள் எழவில்லை.

நான் எழுந்தவன். இருபத்திரண்டு வயதில் அழுதுகொண்டே என்னை ஒப்புக்கொடுத்தேன். மறு வருடம் அப்பா இறந்தார், தம்பியின் படிப்பு என் தலையில் விழுந்தது. ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தேன். பல வருடம் அந்த வேலையை எனக்குக் கிடைத்த தண்டனை என்றே நினைத்தேன். ஈடுகட்ட வேண்டும் என்று புதன்கிழமைதோறும் மாலையில் சீக்கிரம் கிளம்பி, சபைக் குழுவோடு சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) கொடுக்கப் போவேன். மீதி மாதிரிகளை உடன் வேலை செய்த பெண்ணிடம் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா" என்று சொல்லிவிட்டுப் போவேன். அவரும் தலையாட்டுவார்.

இரண்டு வருடம் கழித்து அவரை ஒரு நற்செய்திக் கூட்டத்துக்கு அழைத்தேன். அவர் கிறிஸ்தவர் அல்ல. கோபப்படாமல்தான் சொன்னார்: "அண்ணா, நீங்க ஊழியத்துக்குப் போன புதன்கிழமை எல்லாம் நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள என் பொண்ணு பக்கத்து வீட்டுலயே தூங்கிடுவா. தூக்கிட்டுத்தான் போவேன். உங்க சாமி அதைக் கேட்க மாட்டாரா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் கொடுத்த கைப்பிரதிகளை யார் வாசித்தார்கள் என்று தெரியாது. என் விசுவாசத்தை வாரம் ஆறு நாளும் பக்கத்தில் இருந்து வாசித்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த புதன் என் மாதிரிகளை நானே முடித்தேன். அப்புறம் அவருடைய மீதியையும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயையும் ஒரு மனிதராக நினைத்து, பெயர்ச் சீட்டை இரண்டு முறை பார்க்கத் தொடங்கினேன். சீட்டு மாறினால் ஒருவருக்கு வேறொருவரின் வியாதிக்கு மருந்து போகும். இது கர்த்தருடைய வேலை இல்லை என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்தச் சகோதரி இன்றுவரை கிறிஸ்தவராகவில்லை. சபையில் சிலர் "அப்படியானால் பலன் என்ன?" என்று கேட்கிறார்கள். அவருடைய அம்மா சாகக் கிடந்தபோது ஜெபிக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார். நான் அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

வேதத்தைப் பாருங்கள். கொரிந்துவில் பவுல், ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு கூடாரம் பண்ணினார் (அப்போஸ்தலர் 18:3). அவரை அனுப்பிய அந்தியோகியா சபை எப்படி உண்டானது? உபத்திரவத்தில் சிதறி ஓடிய, பெயர்கூட எழுதப்படாத விசுவாசிகள் போன இடத்தில் பேசியதால் (11:19-21). அவர்களை எந்தச் சபையும் கைவைத்து அனுப்பவில்லை. 1732-இல் மொரேவியர்கள் என்ற ஐரோப்பியக் கிறிஸ்தவக் குழுவினர் கரீபியத் தீவான செயின்ட் தாமஸுக்கு முதலில் அனுப்பிய இருவரில் லெயோன்ஹார்ட் டோபர் குயவர், டேவிட் நிட்ஷ்மன் தச்சர். இந்தியாவுக்கு மிஷனரியாக வந்த வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர். 1793-இல் வங்காளம் வந்தபிறகும் பல வருடம் அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்தார். மேடையில் இவர்களுடைய தியாகத்தைச் சொல்லும்போது கைத்தொழிலை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போய் எல்லா மக்களையும் சீஷராக்குங்கள் என்று இயேசு சொன்ன மத்தேயு 28:19-ஐ எடுத்துக்கொண்டு சிலர் வருவார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே ஏவல் வினை "சீஷராக்குங்கள்" ஒன்றுதான், "போய்" என்பது எச்சம். அந்த எச்சத்திலும் கட்டளையின் தொனி உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. யாரும் போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மொழி கற்று, சுவிசேஷம் கேட்டிராத மக்களிடம் போய் இருக்க ஆட்கள் வேண்டும். ஆனால் போகிறவர்களுக்கு மட்டும் "அழைப்பு" என்ற சொல்லைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைக் காணிக்கை போட மட்டும் வைத்திருப்பது சரியில்லை. பவுல் 1 கொரிந்தியர் 7-இல் அழைப்பைப் பற்றி எழுதும்போது அடிமையையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்.

மிஷனரிகளை மதிக்காதவன் என்று என்னைச் சொல்லிவிடாதீர்கள். என் அக்காவே மிஷனரி. பத்தொன்பது வருடம் இருந்தாள். முழங்கால் போய், சர்க்கரை வியாதியோடு திரும்பி வந்தாள். அனுப்பிய சபை ஒரு ஞாயிறு சாட்சி சொல்ல வைத்தது, கை தட்டியது, அவ்வளவுதான். ஓய்வூதியம் இல்லை, மருத்துவச் செலவுக்கு ஏற்பாடு இல்லை. கேட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். அதே வருடம் புது ஒலிபெருக்கிகள் வாங்கினார்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எங்கே போய்ச் சொல்வது? அனுப்பும்போது உயர்த்திப் பேசிவிட்டு, வந்தபிறகு முகம் பார்க்காமல் இருக்கிறார்கள்.

அக்கா இப்போது எங்களோடு இருக்கிறாள். முன்பு அவளுடைய ஜெபக் குறிப்புகள் எங்களுக்குக் கடிதத்தில் வரும். இப்போது காலையில் நான் கிளம்பும்போது ஆய்வகத்தில் அன்றைக்கு என்ன வேலை என்று கேட்டு வைத்துக்கொள்கிறாள். இந்தப் பதிலை அவளிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியைப் போட வேண்டாம், பிள்ளைகள் போகத் தயங்குவார்கள் என்றாள். வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் போடுகிறேன்.