தாரை வீட்டிலேயே உயர்த்தினேன், க்ளெய்ம் கிடையாது என்கிறார்கள்

கேள்வி: என்னிடம் 2021 மாடல் மஹிந்திரா தார் ஜீப் இருக்கிறது. மச்சானும் நானும் வீட்டு ஷெட்டிலேயே வண்டியை 2 இஞ்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட் மாட்டினோம். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கி, எதிரே வந்த பைக்கை இடித்துவிட்டுத் தடுப்புச் சுவரில் மோதியது. பைக்காரருக்குக் கால் முறிவு. என் வண்டிக்கான 3.4 லட்சம் ரூபாய் க்ளெய்மை இன்ஷூரன்ஸ் கம்பெனி நிராகரித்துவிட்டது. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் என்னைத் திருடனைப்போல் விசாரித்தார். ஊரில் பாதித் தார் இப்படித்தான் ஓடுகிறது. கிட் விற்றவரோ 'சட்டப்படி பிரச்சினை வராது' என்றார். இருவர் மீதும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
- கோவை வாசகர்

பதில்: சர்வேயரின் பேச்சு, ஊரில் ஓடும் தார்கள், விற்றவரின் வாக்கு எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்கு வேண்டும். கிட் மாட்டியது எந்தத் தேதி? பாலிசியைக் கடைசியாகப் புதுப்பித்தது எந்தத் தேதி?

'ஆர்.சி.யில் உயரமே இல்லையே' என்று வாதாட நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 182ஏ(4)-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தை யாரும் கட்டிவிடலாம். எனக்குப் பயம் அந்தப் பைக்காரரின் இழப்பீட்டு வழக்கைப் பற்றித்தான். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

புதுப்பித்த பிறகு கிட் மாட்டியிருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். மூன்றாம் நபருக்கு, அதாவது பைக்காரருக்கு, எதிராகக் கம்பெனி சொல்லக்கூடிய காரணங்கள் 150-வது பிரிவில் எண்ணி வைக்கப்பட்டவை. வண்டியை உயர்த்தியது அதில் இல்லை. முதலில் மாட்டி, பிறகு வாய் திறக்காமல் புதுப்பித்திருந்தால் கதை வேறு. 'முக்கியத் தகவலை மறைத்து வாங்கிய பாலிசி' என்பார்கள். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்றால், கம்பெனி பைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க உத்தரவாகும். தனி வழக்குகூட வேண்டாம். அங்கேயே நிறைவேற்று மனுப் போட்டு ஜப்திவரை வருவார்கள்.

என் கட்சிக்காரர்கள் விழுகிற குழி இதுதான். ஓ.டி. (சொந்த வண்டிச் சேதம்) பணத்துக்காக நுகர்வோர் ஆணையம் போவார்கள். 'இன்ன தேதியில் நானே ஸ்பேசர் வைத்து, நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டினேன்' என்று பிரமாண வாக்குமூலத்தில் விலாவாரியாக எழுதுவார்கள். அதே காகிதம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கம்பெனி தரப்புச் சான்றாவணமாக வந்து உட்காரும். 3 லட்சத்துக்குப் போட்ட மனு 15 லட்சத்துக்கு வழி திறக்கும்.

இன்னொன்று, கிட்டைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிடலாம் என்று மச்சான் யோசனை சொல்லியிருப்பார். தொடாதீர்கள். சர்வேயரிடம் படம் இருக்கிறது. போலீஸ் வழக்கு நிலுவையில் இருக்கும்போது கழற்றினால் தடயத்தை அழித்ததாகும். மாட்டும்போது எடுத்த வீடியோவுக்கும் இதே விதி. அழிக்கவும் வேண்டாம், புதிதாக எதையும் ஏற்றவும் வேண்டாம். பைக்காரரிடம் நேரே பணம் கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் வேண்டாம். அவர் தீர்ப்பாயம் போவதை அது தடுக்காது.

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். 'இயந்திரக் கோளாறு காரணமல்ல' என்று இருந்தால், லிஃப்டுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்ல அதைவிட நல்ல காகிதம் கிடைக்காது. அதை வைத்து முழுத்தொகை கேட்காமல், நிபந்தனை மீறலுக்குக் கழித்துக்கொண்டு 'நான்-ஸ்டாண்டர்டு' அடிப்படையில் தரச் சொல்லுங்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் அப்படிக் கொடுக்கச் சொன்ன வழக்கு உண்டு. உங்களுக்கு 50 சதவீதம் தர முன்வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நிராகரித்த நாளிலிருந்து ஓராண்டு கெடு.

பைக்காரர் வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தால், கம்பெனி அங்கே சமரசத்துக்கு வரட்டும். 'உரிமையாளரிடம் வசூலிக்க உரிமை' என்ற வாசகம் மட்டும் உத்தரவில் நுழையாமல் உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஓ.டி.யை முழுதாக விட்டுக்கொடுக்க நேர்ந்தால், விட்டுவிடுங்கள்.

விற்றவர் மீது வழக்கா? பில் இருக்கிறதா, அதன் அடியில் 'சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.